கணக்கில் வராத தட்டு: அயனாவரத்துத் தையற்காரர் ஒருவரின் எடைக்குறைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

அந்த அக்கா முதல்முறை வந்தபோது கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கோ ஜாக்கெட் அளவு எடுத்துக்கொண்டிருந்தவர், டோக்கன் போய்விடுமே என்று அப்படியே ஷேர் ஆட்டோ ஏறி வந்துவிட்டார். 2023 ஜூன் 21. 22 வருடமாக ஊரார் இடுப்பை அளக்கிறவர். தன் இடுப்பைக் கடைசியாக எப்போது அளந்தார் என்று கேட்டேன். "என் அளவு எனக்குத் தெரியாதாம்மா? ஜாக்கெட்ல உள்ள விட்டிருந்த துணியெல்லாம் பிரிச்சாச்சு. இனிமே பிரிக்கத் துணி இல்ல" என்றார்.

நான் வடசென்னையில் ஒரு சிறிய கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். இதை எழுத அக்கா சம்மதித்தார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். எடை குறைந்த கதை என்று பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வருடத்தில் 5.6 கிலோ. ரீல்ஸில் அதை ஒரே மாதத்தில் குறைத்துக் காட்டுகிறார்கள். நான் எங்கே கோட்டை விட்டேன், அதை யார் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு அப்போது வயது 43, உயரம் 154 செ.மீ., எடை 78.4 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 33.1. இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடற்பருமன் என்று வைத்துக்கொள்கிறோம். மேல்நாட்டுக் கணக்கான 25, 30 நமக்குச் சரிவராது. நம் ஆட்களுக்கு அதே பிஎம்ஐயில் வயிற்றுக் கொழுப்பு கூடுதல், சர்க்கரையும் சீக்கிரமே எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் எடையைவிட இடுப்பை நம்புகிறேன். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. அவர் டேப்பையே வாங்கி அளந்துகொள்ளச் சொன்னேன். 36½ இஞ்ச் என்றார். வாடிக்கையாளரின் இடுப்பில் ஒரு விரல் லூஸ் விட்டு அளக்கிறவர், தன் இடுப்பில் டேப்பை இறுக்கிப் பிடித்து, மூச்சையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சை விடச் சொல்லி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நான் அளந்தேன். 38½ இஞ்ச், அதாவது 98 செ.மீ.

அவரை இங்கே வரவைத்தது மாமியாரின் பிரஷர். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண், 71 வயது மாமியாருக்கு பிரஷர் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களும் கையை நீட்டுங்க" என்றிருக்கிறார். 134/86. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்ததில் வெறும்வயிற்றுச் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1, ஹீமோகுளோபின் 10.2. தைராய்டு சரியாக இருந்தது. "தைராய்டா இருக்கும்னுதான் நெனச்சேன்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. தைராய்டு என்றால் பழியை அதன்மேல் போட்டுவிட்டு ஒரு மாத்திரையோடு போய்விடலாம் அல்லவா.

ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அந்த ஜூன் மாதம்தான், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு வெளியாகியிருந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேர் அதற்கு முந்தைய நிலையில். தொப்பை உள்ளவர்கள் நூற்றுக்கு 39.5 பேர். பேப்பரில் அதைப் படித்த சூட்டோடு இருந்தேன். வேகமாக எதையாவது செய்துவிட வேண்டும் என்ற துடிப்பும் இருந்தது. முதல் தப்பு அங்கேதான்.

முதல் அட்டை

1,200 கலோரி அட்டை ஒன்று எங்களிடம் அச்சடித்து இருந்தது. காலையில் ஓட்ஸ், 11 மணிக்கு கிரீன் டீ, மதியம் ஒரு கப் சோறும் ஒரு கப் சாலட்டும், சாயங்காலம் வறுத்த மக்கானா, ராத்திரி இரண்டு சப்பாத்தி. கூடவே, காலையில் 45 நிமிடம் நடை. அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "மக்கானான்னா இன்னாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே அட்டையைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். அல்லி வகை நீர்ச்செடியின் விதைப் பொரி என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டில் ஐந்து பேர். கணவருக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை, காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுவார். ஆகவே அடுப்பு 4.45க்குப் பற்றவைக்கப்படும். மாமியாருக்கு உப்பு குறைத்து ஒரு சமையல். பத்தாவது முடித்த மகனுக்கும் ஆறாவது படிக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். இதற்கெல்லாம் மேல் தனக்கென்று ஓட்ஸ் கஞ்சியும் சாலட்டும். மூன்றாவது சமையல். இதில் 45 நிமிட நடையை எங்கே செருகுவது?

செருகினார். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியதும், பெரம்பூர் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் பூங்காவுக்கு ஒன்பது நாள் போனார். புடவைக்குக் கீழே மகனின் பழைய ஷூ. அங்கே தெரிந்த முகம் ஒன்று, அவரிடம் துணி கொடுக்கிற பெண், "என்னக்கா, ஷூவெல்லாம் தூள் பறக்குது" என்று சிரித்திருக்கிறார். கிண்டலாகச் சொன்னாரோ பாசமாகச் சொன்னாரோ, மறுநாள் அக்கா செருப்போடு நடந்தார். ஒன்பதாம் நாள் வலது முட்டி வீங்கியது.

ஜூலை 8 அன்று எடை பார்த்தபோது 76.6. 17 நாளில் 1.8 கிலோ. நான் சந்தோஷப்பட்டேன். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து கரையும்போது, அது பிடித்து வைத்திருந்த நீரும் கூடவே போய்விடும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டேன். அக்காவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ஆடி பொறக்கப் போவுது. ஆடியில நல்லது எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு எங்க அத்தை சொல்லுவாங்க. ஆடி கழிச்சுப் பாப்போம்மா" என்றார். ஏற்கெனவே ஆரம்பித்ததை நிறுத்துவதற்கு ஆடி என்ன செய்யும் என்று கேட்க நினைத்தேன். ஆடித் தள்ளுபடியில் துணி வாங்கியவர்கள் எல்லாரும் ஜாக்கெட் பிட்டோடு அவர் வீட்டு வாசலில் நிற்கப்போகிறார்கள் என்பதும் புரிந்தது.

மாமியார் சொன்னது

ஆவணி பிறந்து, ஆகஸ்ட் 21 அன்று வந்தார். எடை 78.9. கிளம்பிய இடத்தைவிட அரை கிலோ கூடுதல். கூடவே மாமியாரும் வந்திருந்தார், டாக்டரிடம் பிரஷர் மாத்திரைக்காக.

அக்கா சாப்பாட்டுக் கணக்கைத் தவறாமல் எழுதியிருந்தார். வாடிக்கையாளர் அளவு எழுதும் நீளநோட்டின் கடைசிப் பக்கங்களில், தோள், கை, உயரம் என்று கட்டம் போடுகிற அதே ஒழுங்கோடு: காலை 3 இட்லி, மதியம் சோறு ஒரு தட்டு, பொரியல், இரவு 2 தோசை, காபி 4. கூட்டிப் பார்த்தால் 1,450 கலோரி பக்கம் வந்தது. அவர் வயதுக்கும் எடைக்கும் வேலைக்கும் ஒரு நாளைக்கு 1,750 முதல் 1,800 வரை செலவாகலாம் என்பது என் கணக்கு. அப்படியானால் எடை இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறது. இந்த இடத்தில் எங்கள் தொழிலில் பலர் மனதுக்குள் சொல்லிக்கொள்கிற ஒரு வார்த்தை உண்டு: பொய். நானும் சொல்லிக்கொண்டேன்.

நோட்டை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டிருந்த மாமியார் சொன்னார்: "இன்னாத்தப் பாக்கற கண்ணு? இவ ஒக்காந்து சாப்ட்டு நான் பாத்ததே இல்ல. தட்டுல வெச்சத அரையும் கொறையுமா துன்னுட்டு எந்திரிச்சிடுவா. அப்பறம் புள்ளைங்க வெச்சுட்டுப் போனது, எம்மவன் வெச்சுட்டுப் போனது, கொயம்பு மிஞ்சினது, எல்லாத்தையும் நின்னுக்கினே வாயில போட்டுக்கினு பாத்திரத்தக் கழுவுவா."

அக்கா உடனே, "அது சாப்பாடா அத்தை? வீணாப் போவுதேன்னு..." என்றார்.

அவர் பொய் எழுதவில்லை. தட்டில் போட்டுக்கொண்டதை எழுதியிருந்தார். உட்கார்ந்து, தட்டு வைத்து, தனக்கென்று பரிமாறிக்கொண்டதுதான் அவர் அகராதியில் சாப்பாடு. நின்றபடி வாயில் போட்டது பாத்திரம் கழுவும் வேலையின் ஒரு பகுதி. என் அட்டையிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் இந்தக் கணக்கு வரவே வராது. "மிஞ்சினது எங்கே போகிறது?" என்று கேட்க வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் சமைக்கிற ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கிறேன். ஆண்களில் நிறைய பேருக்கு இந்தக் கேள்வியே புரிவதில்லை. அவர்கள் வீட்டில் மிஞ்சியது எங்கோ போகிறது, அவ்வளவுதான்.

டப்பா

ஒரு சோதனை செய்தோம். ஒரு வாரத்துக்கு, மிஞ்சியதை வாயில் போடாமல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். ராத்திரி எடை போட்டுப் படம் அனுப்ப வேண்டும். சமையலறைத் தராசை நான் கொடுத்தேன். டப்பாவில் சேர்ந்தது பக்கத்துத் தெரு மாட்டுக்கு. அதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்த படம்: மகள் வைத்துவிட்டுப் போன ஒரு இட்லி, டிபன் பாக்ஸில் திரும்பி வந்த எலுமிச்சை சாதம் 70 கிராம், குக்கர் அடியில் ஒட்டிய சோறு ஒரு கைப்பிடி, கணவர் தட்டில் நெய் ஊற்றிப் பிசைந்த பருப்புச் சோறு இரண்டு வாய், முறுகிப்போன முதல் தோசை. முதல் தோசை எப்போதும் சமைக்கிறவருக்குத்தான், இது எழுதப்படாத சட்டம். ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் பிரியாணி மட்டும் 180 கிராம். வெள்ளிக்கிழமை டப்பா காலியாக இருந்தது. கேட்டதற்கு, "மனசு வரலம்மா, துன்னுட்டேன்" என்று குரல் செய்தி வந்தது. ஆறு நாள் கணக்கில் சராசரி சுமார் 310 கலோரி.

இன்னொரு ஓட்டை என்னுடையது. 'காபி 4' என்பதை, ஒன்றுக்கு 60 கலோரி வீதம் 240 என்று போட்டிருந்தேன். என்ன பால், எவ்வளவு சர்க்கரை என்று கேட்கவில்லை. அவர் வீட்டில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதக் கொழுப்பு. தண்ணீர் விடாமல் காய்ச்சி, டிகாஷனோடு ஒரு டம்ளருக்கு 100 மில்லி பால். 90 கலோரி வந்துவிடும். இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கு 40. ஆக நான்கு காபி 520. என் கணக்கில் விட்டுப்போனது 280.

1,450, 310, 280. கூட்டினால் 2,040. எடை ஏன் ஏறியது என்று இப்போது தராசிடம் கேட்க வேண்டியதில்லை.

அதன்பிறகு அட்டையைத் தூக்கிப்போட்டோம். மூன்றாவது சமையல் கிடையாது. வீட்டுக்கு என்ன சமையலோ அதுதான் அவருக்கும். மாற்றியது அளவையும் பரிமாறும் விதத்தையும். மதியத்துக்கும் ராத்திரிக்குமாக நான்கு டம்ளர் அரிசி போட்டுக்கொண்டிருந்தார், அவர் வீட்டு டம்ளரில் 150 கிராம் பிடிக்கும். மூன்றரை ஆக்கினோம். கணவருக்கு இது பிடிக்கவில்லை. "வூட்ல சோறு கொஞ்சம் மிஞ்சணும். திடீர்னு யாராவது வந்தா?" என்றாராம். அவர் கேட்டதில் தப்பில்லை. வந்தவருக்குச் சோறில்லாத வீடு என்ற பேச்சை யாரும் தாங்க மாட்டார்கள். யாராவது வந்தால் குக்கரில் இன்னொரு அரை டம்ளர், பத்து நிமிடம் என்று மாமியார்தான் முடித்து வைத்தார். அப்படியும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலை இட்லிக்குப் பதிலாகப் பழையது. இட்லியோடு கூடுதலாக அல்ல.

அடுத்தது, தட்டில் மிச்சம் வைத்தவர்தான் தட்டைக் காலி செய்ய வேண்டும். முடியாவிட்டால் அவரே எடுத்து மூடி வைக்க வேண்டும். முதலில் குறைவாகப் பரிமாறு, வேண்டுமென்றால் மறுபடி கேட்கட்டும். மகன் இரண்டு நாள் முறைத்துவிட்டுப் பழகிக்கொண்டான். கணவர் பழக இரண்டு மாதம் ஆனது. மகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. அம்மா நின்றுகொண்டு எதையாவது மெல்வதைப் பார்த்தால், "ம்மா, ஒக்காரு!" என்று கத்துவாள்.

எண்ணெய்க்கு ஒரு எளிய வழி. மாதம் ரேஷன் பாமாயிலும் கடையில் வாங்குவதும் சேர்த்து 6 லிட்டர் செலவாகிக்கொண்டிருந்தது. ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லி, 320 கலோரிக்கு மேல் எண்ணெயிலிருந்தே. ஒவ்வொரு பாட்டிலிலும் மார்க்கரால் தேதி எழுதி, ஒரு லிட்டர் ஏழரை நாள் வர வேண்டும் என்று வைத்தோம். 'எண்ணெய் குறைவாகப் போடுங்கள்' என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், யார் வீட்டிலும் நடந்ததில்லை. பாட்டிலில் எழுதிய தேதி நடத்தியது.

காபியும் ரத்தமும்

காபியைக் குறைக்கச் சொன்னபோது, "அது இல்லாட்டி மிஷின்ல கையே ஓடாதும்மா, கெறக்கமா வரும்" என்றார். ஹீமோகுளோபின் 10.2 என்பது பெண்களுக்கு வேண்டிய 12-ஐவிட எவ்வளவோ கீழே. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். மலச்சிக்கல் என்று அவர் அதைப் போடுவதில்லை. மாதவிடாய் எட்டு நாள் வரை போகிறது என்பதை மூன்றாவது சந்திப்பில்தான், குரலைத் தாழ்த்திச் சொன்னார். நானும் அதுவரை கேட்கவில்லை.

வளையம் தெரிந்தது. ரத்தப்போக்கால் ரத்தசோகை, ரத்தசோகையால் அசதி, அசதிக்குக் காபி. சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியோ, உணவில் இருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. இந்த நிலையில் ஒருவரை 1,200 கலோரியில் நிறுத்தி, 45 நிமிடம் நடக்கவும் சொல்லியிருக்கிறேன். கண்ணுக்குக் கீழே கறுக்காமல் என்ன செய்யும்?

மருத்துவர் ஸ்கேன் எடுத்து, கருப்பையில் சிறிய நார்க்கட்டி இருப்பதைப் பார்த்து அதற்குத் தனியாக வைத்தியம் சொன்னார். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றியதும் வயிற்றுத் தொல்லை குறைந்தது. காபி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. நான்கு இரண்டானது, ஆரஞ்சு பாக்கெட் கொழுப்பு குறைந்த நீலமானது, இரண்டு ஸ்பூன் சர்க்கரை அரை ஸ்பூன் ஆனது. இது ஒரே நாளில் நடக்கவில்லை, ஐப்பசி வரை இழுத்தது. 520 கலோரி இருந்த இடத்தில் இப்போது 140. சர்க்கரையே இல்லாமல் குடிக்கச் சொல்லலாம்தான். குடிப்பார், ஒரு வாரம்.

புரதத்தையும் கூட்டினோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். அவர் அதற்கு வெகு கீழே இருந்தார். முட்டை, பருப்பு, சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், வாரத்தில் இரண்டு நாள் கானாங்கெளுத்தியோ நெத்திலியோ. வஞ்சிரம் விலைக்கு யார் போவது? புரட்டாசி மாதம் முழுக்க மீனும் முட்டையும் நின்றுபோக, சுண்டலும் தயிரும் அந்த இடத்தைப் பிடித்தன. நவராத்திரியில் ஊர் முழுக்கச் சுண்டல் என்பதால் அந்த ஒன்பது நாள் எனக்கு வேலையே இல்லை.

மொட்டை மாடி

பூங்கா வேண்டாம் என்று முடிவானது. அந்த நவம்பரில்தான் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று பெசன்ட் நகரில் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. அக்காவிடம் சொன்னபோது, "அயனாவரத்துலேர்ந்து பெசன்ட் நகருக்கு நடந்தே போனா போதுமே, அங்க போய் வேற நடக்கணுமா?" என்றார்.

அவர் வீட்டு மொட்டை மாடியை அவரே டேப் வைத்து அளந்தார். ஐந்தடி டேப்பை எத்தனை முறை குனிந்து வைத்தாரோ தெரியாது; அதுவே அன்றைய உடற்பயிற்சி. ஓரமாக ஒரு சுற்று 100 அடி. 33 சுற்று ஒரு கிலோமீட்டர். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து 9.15க்கு மேலே போவார். நைட்டி, மேலே ஒரு துண்டு, காலில் ஷூ. அங்கே பார்ப்பதற்குத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். பத்து சுற்றுக்கு ஒருமுறை துணிக்கொடியில் ஒரு கிளிப்பை நகர்த்துவார். முதல் வாரம் இரண்டு கிளிப். மார்கழியில் எட்டு. கலோரி எரிவதைவிட இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. முன்பெல்லாம் 9.15 முதல் 10 மணி வரைதான் அவர் சமையலறையில் நின்றபடி மிச்சத்தை முடிக்கும் நேரம். இப்போது அந்த நேரத்தில் அவர் சமையலறையிலேயே இல்லை.

முட்டிக்காக, நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, எட்டு எட்டாக இரண்டு முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. வாரம் மூன்று நாள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் ஊரில் 'வாக்கிங்' என்ற ஒரு சொல் அந்த இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டது. தொடைத் தசை தேறியதும் முட்டிவலி பாதியாகக் குறைந்தது.

நான் சொல்லாமலே அவர் செய்த ஒன்று உண்டு. எப்போதிலிருந்து எடை கூடியது என்று பேசிக்கொண்டிருந்தபோது, "மிஷினுக்கு மோட்டார் போட்டதுலேர்ந்துதாம்மா" என்றார். 2014-இல் போட்டது. அதற்கு முன் நாள் முழுக்கக் கால் மிஷின். மோட்டார் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் இரண்டாவது பிரசவம், அதிலிருந்தே உடம்பு கூடியிருக்கும். ஆனால் அடுத்தமுறை வந்தபோது, பழைய தோல் பெல்ட்டை எடுத்து மாட்டிவிட்டதாகச் சொன்னார். லைனிங் ஜாக்கெட், அவசர ஆர்டர் எல்லாம் மோட்டாரில். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் அடிப்பது காலில். எத்தனை கலோரி போகும் என்று கேட்டார். கொஞ்சம்தான் என்று உண்மையைச் சொன்னேன். "இருக்கட்டும், கால் மரத்துப் போவுறது நின்னிருக்கு" என்றார்.

தீபாவளி, வெள்ளம், பொங்கல்

எடை இறங்கிய விதத்தை மாதவாரியாகச் சொன்னால் பஞ்சாங்கம் படிப்பதுபோல இருக்கும். செப்டம்பர் 18: 77.6. அக்டோபர் 16: 76.2. தீபாவளி நவம்பர் 12. அதற்கு முந்தைய மூன்று வாரம் ஒரு தையற்காரருக்கு நடை, தூக்கம், நாற்காலிப் பயிற்சி எதுவும் கிடையாது. மிஷினை விட்டு எழாமல் 14 மணி நேரம், காபி மறுபடி நான்கு. பண்டிகை முடிந்தால் வாடிக்கையாளர் வீடுகளிலிருந்து வரும் அதிரசமும் முறுக்கும். நவம்பர் 20: 76.7. அரை கிலோ ஏறிவிட்டதே என்று அழாத குறையாக வந்தார். ஐந்து வாரத்தில், அதுவும் தீபாவளியில், அரை கிலோதான் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு அன்று அரை மணி நேரம் ஆனது.

டிசம்பர் 3, 4-இல் மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், நாலு நாள் கரண்ட் இல்லை. மாவு அரைக்க முடியாது, பால் கிடையாது. பன், பிஸ்கட், யாரோ கொண்டுவந்து கொடுத்த பொட்டலச் சாம்பார் சாதம். அந்த வாரம் நான் போன் செய்தது மாமியாரின் மாத்திரை நனையாமல் இருக்கிறதா என்று கேட்கத்தான். எடையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஜனவரி, பொங்கல் கழித்து 75.3. அதோடு ஆறு வாரம் முள் அசையவில்லை. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும், அதே சாப்பாடு இப்போது சரிக்குச் சரியாகிவிடும். இது எல்லாருக்கும் நடப்பது. பக்கத்து வீட்டில் ஒருவர் ஆள் சேர்த்து விற்கிற ஒரு ஷேக் பவுடர் டப்பாவை அந்த வாரம்தான் அவர் கையில் கொடுத்திருக்கிறார். அக்கா வாங்கவில்லை. விலையைக் கேட்டு, "இதுக்கு ரெண்டு மாசம் முட்ட வாங்கலாம்" என்றாராம்.

இந்த இடத்தில் அவரிடம் சொன்ன ஒரு செய்தி உதவியது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 2002-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உழைப்பும் என்று இலக்கு வைத்தார்கள். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னையின் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட இந்திய ஆய்வில் குறைந்தது 28.5 சதவீதம். இங்கே கவனிக்க வேண்டியது, நம் ஆட்களுக்கு எடை பெரிதாக இறங்காமலே அந்தப் பலன் கிடைத்தது. முள் அசையாத ஆறு வாரமும் வீண் இல்லை என்றேன். "அப்ப இனிமே தராசுல ஏத்தாதீங்க, டேப்பு வெச்சே பாருங்க" என்றார். சரி என்றேன், மார்ச்சில் இரண்டையும் பார்த்தோம், 73.9.

ஒரு வருடம் கழித்து

2024 ஜூன்: எடை 72.8, இடுப்பு 91 செ.மீ. முதல்நாள் எடையிலிருந்து 7.1 சதவீதம். ஹெச்பிஏ1சி 5.8, ஹீமோகுளோபின் 11.6, பிரஷர் 126/80. பிஎம்ஐ 30.7, அட்டவணைப்படி இன்னும் உடற்பருமன்தான், இடுப்பும் எல்லைக்கு 11 செ.மீ. வெளியே. ஹெச்பிஏ1சியில் எவ்வளவு எடைக் குறைப்பால், எவ்வளவு ரத்தசோகை சரியானதால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரும்புச்சத்துக் குறைவே அந்த எண்ணைச் சற்று உயர்த்திக் காட்டும். காபி, எண்ணெய், மிச்சம், நடை, மாத்திரை என்று எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றினோம், ஆகவே எது எத்தனை கிலோ என்றும் சொல்ல முடியாது. டப்பா வைத்ததுமே அவர் குறைவாக மிஞ்சும்படி சமைக்க ஆரம்பித்திருக்கலாம்; அந்த 310 உண்மையில் இன்னும் கூடுதலாகக்கூட இருந்திருக்கும்.

பழைய 1,200 கலோரி அட்டை கிளினிக் அலமாரியில் ஒரு கட்டு மீதி இருந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வாடிக்கையாளருக்குக் கழுத்து டிசைன் வரைந்து காட்ட.

ஜூலை கடைசியில், ஆடி வெள்ளியன்று, வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எவர்சில்வர் சொம்பில் கேழ்வரகுக் கூழ், மேலே நறுக்கிய சின்ன வெங்காயம், பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. கீழே குரல் செய்தி: "ஒரு சொம்பு எத்தினி கலோரிம்மா?"

"40 கிராம் மாவு இருந்தா 130. தாராளமா குடிங்கக்கா" என்று பதில் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் இன்னொன்றும் கேட்டேன்: "அண்டாவுல மிஞ்சறது யாருக்கு?"

"கோயில் கூழு. மிஞ்சாது."